உள்ளே விட்ட துணி

அந்த மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவளைத் தையல்காரி என்று சொல்பவர்கள் விவரம் போதாதவர்கள். அவள் புதுத்துணி எதுவும் தைத்ததில்லை. மற்றவர்கள் தைத்ததைப் பிரிப்பாள், பிடிப்பாள், ஏற்றுவாள், இறக்குவாள். மனிதகுலத்தின் இடுப்புகள் ஒரு நிலையில் நிற்பதில்லை என்பதால் தொழில் குறைவில்லாமல் நடந்தது. தெருவுக்கு அவள் ஆல்டரேஷன் அக்கா.

அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. கத்திரிக்கோலைக் கடைசியில்தான் தொடவேண்டும். "வெட்டின துணி திரும்பி வருமா?" என்பாள். நீளத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பாள். ஆனால் மிச்சத்தை வெட்டாமல் உள்ளே மடித்து விட்டுவிடுவாள். குழந்தைகளின் கவுன் வந்தால் நாலு விரல் துணி உள்ளே போகும். வேலை முடிந்த பிறகும் அந்தக் கவுன் மடியிலேயே கொஞ்ச நேரம் கிடக்கும். அப்போது யாராவது கூப்பிட்டால் அவளுக்குக் காது கேட்காது. மற்ற நேரங்களில் பாம்புக்காது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவளுக்கு முப்பத்தேழு வயது. உதிரப்போக்கு நிற்கவில்லை என்று அரசு மருத்துவமனைக்குப் போனபோது, கர்ப்பப்பையில் கட்டிகள் என்று தெரிந்தது. "பெரிசு எலுமிச்சை அளவு இருக்கு," என்றார் டாக்டரம்மா. மருத்துவ உலகம் கட்டிகளை ஏன் பழக்கடையில் வைத்தே அளக்கிறது என்பது ஆராயத்தக்கது.

"கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா. காப்பீட்டுல இருக்கு. அடுத்த வாரமே பண்ணலாம்."

"கட்டியை மட்டும் எடுக்க முடியாதா டாக்டர்?"

"நல்லாவே முடியும். ஆனா அதுக்குக் காப்பீட்டுல வருஷத்துக்கு நாற்பது பேருக்குத்தான் நிதி. இந்த வருஷத்துக்கு முடிஞ்சுபோச்சு."

அதாவது, கர்ப்பப்பையை எடுக்க அரசாங்கத்திடம் பணம் உண்டு, எத்தனை பேர் வந்தாலும் உண்டு. வைத்துக்கொள்ளத்தான் இல்லை. நாற்பது பேருக்கு மேல் எந்தப் பெண்ணும் அதன்மேல் ஆசை வைக்கமாட்டாள் என்று யாரோ ஒரு பெரியவர், அநேகமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முடிவு செய்திருக்கிறார். அவருக்குக் கர்ப்பப்பை இல்லை என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

நாத்தனார் பார்க்க வந்தாள். "இத்தனை வருஷம் சும்மாதானே அண்ணி இருந்துச்சு? எடுத்தா என்ன?" ஆறுதல் சொல்வதில் சிலருக்குப் பிறவித் திறமை.

அக்கா காப்பீட்டுக் கவுண்டருக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். முகத்தைவிட இடுப்பை இன்னும் நன்றாகத் தெரியும். அவர் பட்டியலைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"எடுக்கறதுன்னா இப்பவே எழுதிடறேம்மா. வைக்கறதுன்னா கோட்டா இல்ல. எதுக்கும்மா வம்பு, எடுத்துடுங்களேன்."

"சார், உங்க பேன்ட்டை நான் மூணு தடவை பிரிச்சு விட்டிருக்கேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவா பேசுங்கம்மா."

"ஒரு தடவையாவது, பேன்ட் பிடிக்குது, இடுப்பை எடுத்துடலாம்னு சொன்னேனா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் கை தானாக பெல்ட்டுக்குப் போனது. பிறகு தலையைக் கண்ணாடி ஓட்டையருகே கொண்டுவந்து, தணிந்த குரலில் சொன்னார்: "அடுத்த நிதியாண்டு முதல் தேதி, காலையில எட்டு மணிக்குப் பட்டியல் திறக்கும். முன்னாடியே வந்து நில்லுங்க."

இன்னும் ஐந்து மாதம். டாக்டரம்மா யோசித்தார். "காத்திருக்கலாம். ஆனா ஆரஞ்சு அளவைத் தாண்டிட்டா பையைக் காப்பாத்துவேன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாள். ஸ்டூலில் கறுப்புத் துணி விரித்து உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது கண் இருட்டியது. லிப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், ஊரெல்லாம் பாதிவழியில் சிக்கியவர்களை மீட்பவர், வீட்டில் செய்வதறியாமல் நின்றார்.

"எடுத்துடலாம்டி. எனக்கு நீ இருந்தா போதும்."

"எனக்குப் போதாதுங்க," என்றாள். அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாத்திரைக்குத் தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

முதல் தேதி காலை ஆறு மணிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் நாலு பேர். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. எட்டு மணிக்குக் கவுண்டர் திறந்தது. போன வருஷம் நாற்பது இடமும் நிரம்பியதால் திட்டம் மாபெரும் வெற்றி என்று முடிவாகி, இந்த வருஷம் முப்பதாகக் குறைத்திருந்தார்கள். ஐந்தாவது பெயராக அவளை எழுதிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "திருப்தியா?" என்றார்.

கட்டி ஆரஞ்சைத் தாண்டவில்லை, மயிரிழையில் நின்றிருந்தது. டாக்டரம்மா ஐந்து கட்டிகளை எடுத்தார். பையை வைத்துத் தைத்தார். மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: "உள்தையல் எத்தனை அடுக்கு டாக்டர்?"

"மூணும்மா."

"நல்லது," என்று சொல்லித் தூங்கிப்போனாள்.

ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார்கள், பொறுத்தாள். பிறகு ஒரு வருஷம் பார்க்கச் சொன்னார்கள்; பார்த்தாள். அதற்கு மேல் பிள்ளைக்காகச் செய்கிற சிகிச்சை எதுவும் பட்டியலில் இல்லை. நாற்பதும் இல்லை, முப்பதும் இல்லை, சுத்தமாக இல்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் தள்ளிப்போனால் மெஷினை மெதுவாக மிதிப்பாள். மூன்றாம் நாள் பழைய வேகம் வந்துவிடும். தெருவில் யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. புருஷனுக்கு மட்டும் சத்தத்திலேயே தெரியும்.

போன வாரம் கவுண்டர்காரர் புது பேன்ட்டோடு வந்தார். இடுப்பு சரியாக இருந்தது; நீளம்தான் அதிகம். அக்கா மடித்து அடித்துக் கொடுத்தாள். அவர் திருப்பிப் பார்த்தார்.

"மிச்சத்தை வெட்டிடலாமேம்மா. நான் இனிமேலா வளரப்போறேன்?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "யாருக்குத் தெரியும் சார்," என்றாள். "உள்ளேதானே இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."