ரத்தோட்டை மீனாட்சியின் ஊர்

ஐம்பதுகளின் இலங்கை, மாத்தளை. தெருவெல்லாம் கராம்பு வாசம். இந்த நாட்டில் பிறந்தும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்த தோட்டத் தொழிலாளரின் விசாரணைகளில் நான் மொழிபெயர்ப்பாளன். சிவில் உரிமை என்ற சொல் ரோமாபுரியில் பிறந்து வளர்ந்த கதையை மணிக்கணக்கில் பேசுவேன், அப்படியொரு வயது.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மீனாட்சியிடம் அதிகாரி சொந்த ஊரைக் கேட்டார்.

“புதுக்கோட்டைங்க,” என்றார் பெருமையாக.

தோட்டத்தில் எல்லாரும் பாட்டன் ஊரைத்தான் அப்படிச் சொல்வார்கள். மீனாட்சி பிறந்தது ரத்தோட்டையில், கடலையே கண்டதில்லை. அவரது விண்ணப்பத்தை எழுதியவனே நான். ஆனாலும் அதை விளக்காமல், அவர் சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘இந்தியாவே இவரது ஊர்’ என்று எழுதி, அதிகாரி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே, விவரம் புரியாமல், “நல்லா எடுத்துச் சொன்னீங்க ஐயா,” என்று மீனாட்சி கும்பிட்டார்.

இன்றும், அவருக்குக் கிடைக்காமல் போன வாக்குச்சீட்டை நான் மடிக்கையில், கும்பிட்ட அந்தக் கைகள்தான் முன்னே நிற்கின்றன.