ஆயிரம் ஹெர்ட்ஸ் தள்ளி

அன்று மாலை நான் ரிசீவரை இயக்கவே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் போனில் கேட்டார், தெரிந்ததா என்று. தெரிந்தது என்றேன்.

அவர் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் மனைவியோடு இருந்தார். நான் தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன், மயிலாப்பூரில் குடியிருக்கிறேன். இருவருக்கும் அமெச்சூர் வானொலி உரிமம் உண்டு. அலையில் குரல் கேட்டுத்தான் பழக்கம் தொடங்கியது. கடையில் எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அவரை 'முதலாளி' என்று கூப்பிடுவேன். என்னை அவர் கடைசிவரை 'சார்' என்றார்.

கடைசி வருஷத்தில் அவர் பிடித்துக்கொண்டது மிகத் தாழ்ந்த அலை. நூற்று முப்பத்தாறு, நூற்று முப்பத்தேழு கிலோஹெர்ட்ஸ். அங்கே ஒரே ஓர் அலை மந்தைவெளியில் தொடங்கினால் அடையாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில்தான் முடியும். குரலுக்கு அங்கே இடமில்லை. மோர்ஸ் எழுத்தை அனுப்பலாம், அதையும் காதுக்கு எட்டாத அளவு மெதுவாக. ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம், ஒரு கோட்டுக்கு மூன்று நிமிடம். பெறுகிறவன் அதைக் காதால் கேட்பதில்லை, கண்ணால் பார்க்கிறான். கணினித் திரையில் சாம்பல் நிற இரைச்சல் இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் ஒரு வெள்ளை இழை தோன்றும், நிற்கும், மறுபடி தோன்றும்.

திரையில் தெரிகிற ஜன்னல் சில ஹெர்ட்ஸ் அகலம்தான். அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். ரேடியோவின் முகப்பில் ஓர் எண் தெரியும். கணினி அதன்மேல் ஓர் ஒலியின் அதிர்வெண்ணைச் சேர்க்கும். இரண்டையும் கூட்டினால் வருகிற இடத்தில்தான் அலை உண்மையில் வெளியே போகிறது. முகப்பு எண்ணை மட்டும் சொல்வது, மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் விருந்தாளியை வாசல் கேட்டோடு நிற்க வைப்பது மாதிரி. புதியவர்களை இந்த விஷயத்தில் திருத்துவது நான். கொஞ்சம் அதட்டித்தான் திருத்துவேன்.

நண்பருக்கு உடம்பு கெட்டிருந்தது. அடையாற்றில் சிகிச்சை நடந்தது. பிறகு, இனி இங்கே வந்து அலைய வேண்டாம், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் மாறவில்லை.

"போறதுக்குள்ள ஒரு தடவ கடலத் தாண்டிரணும் சார்" என்றார்.

உரிமத்தோடு கிடைத்த அவர் அழைப்புக்குறியின் கடைசி மூன்று எழுத்துகளைக் கடலுக்கு அப்பால் யாராவது ஒருவர் இந்த அலையில் பார்க்க வேண்டும். வேறு எதையும் அவர் விரும்பியதாக எனக்குத் தெரியாது.

மொட்டை மாடியிலிருந்து குப்பத்துத் தென்னைமரம் வரை கம்பி இழுத்தோம். மரமேறிக் கட்டித் தந்தவர் குப்பத்து மீனவர் ஒருவர். கீழே நின்று நண்பரைச் சீண்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னா மொதலாளி, இவ்ளோ ஒயரு இஸ்துகினு போற, இன்னாத்துக்கு? கரண்டு திருடப் போறியா?"

"கரண்டு இல்லப்பா. காத்துல எழுதப் போறேன்."

"காத்துல எழுதுறதுக்கு எதுக்கு ஒயரு? வெரலு போதாது?"

மழை பெய்த ஒரு நாளுக்கு மறுநாள் அவரே மாடிக்கு வந்தார். சிரிப்பு இல்லை. "மொதலாளி, நேத்து உன் கம்பி மொனையில நீலமா இன்னாவோ குந்திக்கினு இருந்துச்சு. பொம்பளைங்க பாத்துட்டு அந்தப் பக்கமே வர மாட்டேங்குதுங்க."

ஈரக்காற்றில் கம்பி முனையில் மின்சாரம் கசிந்து ஒளிரும், பயப்பட ஒன்றுமில்லை என்று நான் விளக்கினேன். நண்பர் அதைக் காதில் வாங்கவில்லை. "அது நாந்தான்னு சொல்லிருப்பா" என்றார்.

சோதனைகள் முடிந்து அவர் முதன்முதலாக எழுத்தை அனுப்பிய அன்று நான் தி. நகரில் ஒரு புடவைக்கடையில் இருந்தேன். உறவில் ஒரு கல்யாணம். சுற்றிலும் கூட்டம், என் மடியில் நாலு பை. நண்பர் போன் செய்தார். வெளிநாட்டு அலைக்காரர்களின் மின்னஞ்சல் குழுவில் தாம் அனுப்பப்போகும் இடத்தை எழுதிவிட்டதாகச் சொன்னார்.

"நூத்தி முப்பத்தாறு புள்ளி ரெண்டுன்னு போட்டுட்டேன். சரிதான சார்?"

அது முகப்பு எண்ணா, கூட்டிய எண்ணா என்று நான் கேட்டிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். என் மனைவி இரண்டு புடவைகளைத் தூக்கிக் காட்டி, "எது? சீக்கிரம் சொல்லுங்கோ, அவா மடிச்சு வெச்சுடுவா" என்றாள். நான் போனில் "சரி, சரி" என்றேன்.

வீடு திரும்பியதும் கால் வலியில் அப்படியே படுத்துவிட்டேன். பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவர் கூப்பிட்டார்.

"தெரிஞ்சுதா சார்? மனசு நோகும்னு பாக்காதிய. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க. அவுத்துப் போட்டு ஒவ்வொண்ணா பாக்கேன்."

தெரிந்தது என்றேன். மங்கலாக, ஆனால் மூன்று எழுத்தும் தெரிந்தது. பொய் நம்பும்படி இருக்கட்டும் என்று நான் இன்னொன்றையும் சேர்த்தேன். "கடைசி எழுத்தின் கோடு கொஞ்சம் கீழே சாய்கிறது முதலாளி. உங்கள் ஆசிலேட்டர் சூட்டில் நகர்கிறது போலிருக்கிறது."

உட்கார்ந்த இடத்தில் கற்பனையாகச் சொன்னது அது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தலையைத் தூக்கினாலே களைத்துப்போகிற மனிதர், அலையைப் பிறப்பிக்கும் அந்தச் சிறிய ஆசிலேட்டரைப் பஞ்சால் சுற்றினார், தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தார், பிரித்தார், மறுபடி சுற்றினார். பகலெல்லாம் இதே வேலை. மாலையில் அனுப்புவார். காலையில் கேட்பார், "இப்ப நிமிர்ந்திருக்கா சார்?"

இரண்டாம் நாள் மாலை நான் வெட்கத்தோடு ரிசீவரை இயக்கி, அவர் சொன்ன இடத்தில் ஜன்னலை வைத்தேன். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் ஓர் இழை தோன்றியது. புள்ளி, கோடு, புள்ளி. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது எழுத்தின் கடைசிக் கோடு கீழ்நோக்கிச் சாய்ந்தது.

அப்போது எனக்கு ஏற்பட்டது பயமல்ல, நிம்மதி. பொய் உண்மையாகிவிட்டது, இனி ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அதன் பிறகு தினமும் பார்த்தேன், தினமும் தெரிந்தது. என்ன செய்தும் அந்தக் கோடு நிமிரவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

கடலுக்கு அப்பாலிருந்து மட்டும் ஒருவரும் பார்த்ததாக எழுதவில்லை. இந்த ஊரில் அந்த அலையைப் பார்ப்பவன் நான் ஒருவன். குழுவில் நான் உறுதிசெய்து எழுதியிருந்ததால் இடத்தைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை. "சாருக்குத் தெரியுதே. அப்ப நம்ம பக்கம் கோளாறு இல்ல. தூரந்தான்" என்று அவர் கம்பியை இன்னும் உயர்த்தச் சொன்னார். குப்பத்துக்காரர் மறுபடி மரமேறினார். அது நடந்து சில நாளில் நண்பர் இறந்துபோனார்.

காரியங்கள் முடிந்தபின் ஒரு மாலை அவர் மனைவி போன் செய்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டி இன்னும் ஓடுது. பொழுது சாஞ்சா தானா ஆரம்பிச்சிருது. டக்குங்குது, பெறவு சத்தமே இல்ல, பெறவு டக்குங்குது. அவிய தொண்டையச் செருமுத மாதிரி இருக்கு. பயலுவள தொட வேண்டாம்னுட்டேன். நீங்க வந்து அமத்திருங்க."

போனேன். அறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே படகுகளைத் தாண்டிக் கடல் கறுத்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் அலையைத் திறந்து மூடும் ரிலே சுவிட்ச் டக்கென்று தட்டியது. அவர் எழுத்துகள் போய்க்கொண்டிருந்தன. அந்த அம்மாள் வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

முகப்பில் 136.2 இருந்தது. அணைப்பதற்காகக் கணினிப் பக்கம் திரும்பியவன் அங்கே சேர்க்கப்படும் ஒலியைப் பார்த்தேன். ஆயிரம் ஹெர்ட்ஸ். அப்படியானால் அலை போவது 137.2-ல். நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. என் ஜன்னலுக்குள் அவர் வந்திருக்கவே முடியாது. அவருடைய கணினித் திரையிலேயே சரியான இடத்தில் ஜன்னலை வைத்துப் பார்த்தேன். கோடுகள் அடிமட்டம் வைத்து இழுத்தாற்போல் நேராக இருந்தன. எந்தச் சாய்வும் இல்லை.

பெட்டியை அணைத்தேன். ரிலே நின்றது. வீட்டுக்குப் போன் செய்து, என் மேஜையில் ஓடிக்கொண்டிருக்கும் திரையைப் பார்க்கச் சொன்னேன்.

"என்ன பார்க்கணும்?" என்றாள் மனைவி.

"கோடு ஏதாவது வருகிறதா?"

"வந்துண்டிருக்கே. குட்டையா ஒண்ணு, நீளமா ஒண்ணு." நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. "இந்த நீளம் மட்டும் ஏன் கீழ சாஞ்சுண்டே போறது?"

அவளிடம் நான் சாய்வைப் பற்றிச் சொன்னதில்லை.

போனை வைத்தேன். ஸ்பீக்கரில் வந்த பேச்சை வாசற்படியில் நின்றவர் முழுக்கக் கேட்டிருந்தார். "அமத்திட்டியளே, பெறவு அங்க யாரு எழுதுதா?" என்றார்.

தெரியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. புடவைக்கடை, கால்வலி, நான் பார்க்காத முதல் மாலை, கற்பனையாகச் சொன்ன சாய்வு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து மாலைக்குள் தவறைக் கண்டுபிடித்திருப்பார். குழுவுக்குச் சரியான இடத்தை எழுதியிருப்பார். அவ்வளவு நாளும் வெளியே உள்ளவர்கள் ஆளில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையும் சொன்னேன்.

"அப்ப அந்தப் பஞ்சு?" என்றார்.

"தேவையில்லாதது."

"கை நடுங்க நடுங்கச் சுத்துனாவ அண்ணாச்சி. கஞ்சி ஆறிப்போச்சுன்னு நான் ஏசுனேன்."

அவர் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"போடுங்க" என்றார்.

"எதை?"

"பெட்டியத்தான். போட்டுட்டு, சரியான எடத்த எழுதுங்க."

இறந்தவரின் அழைப்புக்குறியில் அனுப்புவது சட்டப்படி தவறு, உரிமம் ஆளோடு முடிந்துபோகிறது என்றேன்.

"சட்டமெல்லாம் இப்பந்தான் ஞாபகம் வருதோ?"

அங்கேயே உட்கார்ந்து குழுவுக்கு எழுதினேன். இடம் தவறு, ஆயிரம் ஹெர்ட்ஸ் தள்ளிப் பாருங்கள், என் முதல் அறிக்கை பொய், நான் பார்க்கவில்லை. அவர் இறந்துவிட்டதை எழுதவில்லை. எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள். பெட்டியை இயக்கினேன். ரிலே தட்டியது. இருட்டிக்கொண்டிருந்ததால் அந்த அம்மாள் என்னைப் போகச் சொன்னார். காலையில் தாமே அணைத்துவிடுவதாகச் சொன்னார், எந்தப் பொத்தான் என்று காட்டிக்கொடுத்தேன்.

நான் வீடு சேர்ந்தபோது மனைவி கணினியை மூடியிருந்தாள். "என்னமோ பிடிக்கலை, அணைச்சுட்டேன்" என்றாள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், தெருவிளக்கு, ஏதோ ஒரு சார்ஜர் என்று எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மயிலாப்பூரில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சார்ஜர் மூன்று எழுத்து எழுதுமா? என் கண் அப்படிப் படித்ததா? அந்த இடத்தில் ஜன்னலைத் திரும்ப வைத்துப் பார்க்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.

விடிந்ததும் மின்னஞ்சல் பார்த்தேன். கடல் நடுவே ஒரு தீவிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். கூடவே படம். சாம்பல் இரைச்சலில் மூன்று எழுத்தும் நேராக, முழுசாக இருந்தன. "உங்கள் நண்பருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். இன்றும் அனுப்புவாரா?" என்று கேட்டிருந்தார்.

அச்செடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பெட்டி அணைந்திருந்தது.

"இந்த ஆளுக்கு என்ன வயசிருக்கும்? அங்க மழையா, வெயிலா?"

"தெரியாதம்மா. பதில் எழுத வேண்டும். என்ன எழுதட்டும்?"

"இறந்துட்டாவன்னு எழுதுங்க. என்னைக்குன்னு மட்டும் எழுதாதிய. உசிரோட இருக்கையில பாத்ததா இருந்துட்டுப் போகட்டும்."

பொய் போதும் என்று முந்தைய நாள்தான் தீர்மானித்திருந்தேன். இருந்தும் அவர் சொன்னபடியே எழுதினேன், தேதி இல்லாமல். இதை இங்கே எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தீவுக்காரர் அன்றே பதில் அனுப்பினார். அந்த இரவு தாம் தூங்காமல் பார்த்ததாகவும், விடியும்வரை அவர் ஒரு புள்ளிகூடத் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார். அதை அவர் வீட்டாரிடம் அவசியம் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தார்.

போன் செய்து சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."