முதுகு காட்டாத காவலர்

யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் வரலாறு கற்பித்தவன் நான். ஜெர்மனியின் எசன் நகரில் உள்ள எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தில், பழங்காலம் பற்றி எவருக்கு ஐயம் எழுந்தாலும் என்னிடமே வருவார்கள். அந்த மதிப்போடுதான் மத்திய அமெரிக்காவின் பண்டைய மாயர்களைப் பற்றிய கண்காட்சிக்குப் பதினொருவரை அழைத்துச் சென்றேன்.

அங்கே காவலுக்கு நின்றவர் நம்மவர். ஒடிசலான உடலில் சீருடை தொளதொளத்தது. ஒரு கற்பலகையைக் கடக்கும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டாகவே நடந்தார். நான் விளக்கிக்கொண்டிருக்கையில் அவர் அப்படி நகர்ந்துகொண்டேயிருந்தது எரிச்சலூட்டியது.

அந்தப் பலகையின் சிற்பத்தில் ஓர் அரசி, முட்கள் கோத்த கயிற்றைத் தன் நாக்கினூடாக இழுத்துக்கொண்டிருந்தாள். "பொய் சொன்னவளுக்குக் குடுத்த தண்டனை," என்றேன்.

"குறை நினையாதேங்கோ அண்ணை, அது தண்டனை இல்லை, வழிபாடு," என்றார் காவலர். "ரத்தத்தைக் கடுதாசியிலை ஏந்தி எரிப்பினம். அந்தப் புகையிலை முன்னோர் வருவினம் எண்டு நம்பிக்கை."

"நீர் எங்கை படிச்சனீர்?"

"இஞ்சை நிண்டு கேட்டதுதான். ஆனா அந்த நோவு எனக்குத் தெரியும்." நாக்கை நீட்டினார். நடுவில், வேல் குத்திய பழைய தழும்பு.

"மாஸ்டர், இவரும் பொய் சொன்னவரோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். காவலர் சிரிக்கவில்லை.

அந்நிய வழிபாட்டுச் சிற்பத்தின் முன் அவர் ஏன் அப்படி நடந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காவலருக்குப் பதில் சொல்லாமல் நான் வெளியேறிவிட்டதாகச் சங்கத்தில் சொல்லித் திரிகிறார்கள். அது பிழை. "நீர் சொன்னதுதான் சரி," என்று அவரிடம் சொல்லிவிட்டே வந்தேன். சிரித்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு அது கேட்கவில்லை.