சைக்கிளில் போனவள் நான் இல்லை

எங்கள் ஊர்த் திரையரங்கின் டிக்கெட் ஜன்னலில் விபேக்கே உட்கார்ந்திருக்கும் நாளில் எந்தப் பிள்ளையும் வயதைக் கூட்டிச் சொல்லி உள்ளே போக முடியாது. “உங்கப்பன் கல்யாணத்துக்கே நான் போயிருக்கேன்டா, எனக்கா கணக்குச் சொல்றே?” என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே கேட்டுவிடுவாள். டென்மார்க்கின் மேற்குக் கரையில், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி இருக்கிற ஒற்றைத் திரை அரங்கு இது. முதலாளி கைவிட்ட பிறகு ஊர்க்காரர்களே முறை வைத்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல் நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் அவள் பொறுப்பு. சோளப்பொரியும் காப்பியும் உப்புப் போட்ட அதிமதுர மிட்டாயும் என் பொறுப்பு.

என் மகள் பத்து வயதில் ஒரு குடும்பப் படத்துக்கு வந்திருந்தாள். கணவனும் மனைவியும் உடை மாற்றுகிற இடத்தில் நான் பதறிப்போய் மகளின் கண்ணைப் பொத்தினேன். படம் விட்டதும் விபேக்கே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளை கண்ணை ஏன் பொத்தினே?”

“சின்னப் பொண்ணு இல்லையா…”

“போன வாரம் ஒருத்தன் இதே திரையில பத்துப் பேரைச் சுட்டான். அப்ப உன் கை எங்கே இருந்துச்சு? பொரி டப்பாக்குள்ளயா?”

அவள் சிரிக்கவில்லை. “உன்னை மாதிரி ஒருத்தனை எனக்குத் தெரியும்,” என்றாள். ஃபின்பாரின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதன்பின் பல ஞாயிற்றுக்கிழமைகளில், படம் ஓடிக்கொண்டிருக்கிற சும்மா நேரத்தில், துண்டு துண்டாகக் கேட்டது இது.

ஃபின்பார் டூமி அயர்லாந்தில் கார்க் நகரத்துப் பக்கத்துப் பையன். வெண்ணெய் எடுக்கிற வேலையைக் கற்றுக்கொள்ள எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பால் பண்ணைக்கு எழுபதாம் வருஷம் வந்தான். விபேக்கே அப்போது இருபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இதே ஜன்னலில்தான் வேலை. அப்போது சம்பளம் உண்டு. அவன் ஒரே படத்துக்கு மூன்று தடவை வருவான். “படம் அவ்வளவு பிடிச்சிருக்கா?” என்று கேட்டதற்கு, “கதை ஒண்ணும் புரியல. டிக்கெட் வாங்குறது நல்லாருக்கு,” என்றானாம். அவனுடைய டேனிஷ் மொழி அவ்வளவுதான் வரும். அது போதுமானதாக இருந்தது.

மறு வருஷம் வசந்தத்தில், அவன் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தகவல் வந்தது. “அம்மாகிட்டப் பேசிட்டு உன்னைக் கூப்பிட்டுக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு முன்னால் ஜன்னலுக்குள் இருக்கும் தொலைபேசி அடிக்கும். அங்கே அவன் தபால் நிலையத்துக் கூண்டுக்குள் நின்றுகொண்டு பேசுவான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லப் போகிறேன் என்பதுதான் ஒவ்வொரு வாரமும் பேச்சு. வேற்று நாட்டுக்காரி, வேறு சபைக்காரி, முகம்கூடத் தெரியாதவள் என்று அம்மா தயங்குவாளே என்பது அவன் பயம்.

அந்தக் கோடையில்தான் ஒரு படக் கம்பெனி எங்கள் கரைக்கு வந்து இறங்கியது. மீனவர் கதை. ஊர்க்காரர்களையே ஆங்காங்கே நிற்க வைத்தார்கள். மளிகைக் கடை லோனெ தலையில் துணி கட்டிக்கொண்டு சைக்கிளில் தேவாலயத்துக்குப் போனாள். விபேக்கேவுக்குக் கிடைத்தது அரை நிமிஷம்: கடலில் குளித்துவிட்டு, உடம்பில் துணியில்லாமல் மணல்மேட்டில் ஏறி வருவாள், அங்கே நிற்கும் கதாநாயகனைப் பார்த்து, “வாங்களேன், தண்ணி நல்லாத்தான் இருக்கு,” என்பாள். தலையை உதறிக்கொண்டு போய்விடுவாள்.

படம் இங்கே வெளியானபோது ஊரே குடும்பத்தோடு வந்தது. படகு மூழ்குகிற இடத்தில் ஒருவன் மூச்சுத் திணறிச் சாவதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும் என்று அதில் கொஞ்சத்தைக் குறைத்திருந்தார்கள். குளிக்கிற பெண்ணைப் பற்றி எவருக்கும் ஒரு யோசனையும் எழவில்லை. மீனவரான விபேக்கேவின் அப்பா வீட்டுக்கு வந்ததும் கோபமாகச் சொன்னது இதுதான்: “படகுல போட்டிருக்கிற முடிச்சு தப்பு. நம்ம ஊர்ல எந்த மடையன் அப்படிக் கட்டுவான்?” அம்மா மட்டும், “நீ கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருக்கலாம்,” என்றாள்.

சில மாதம் கழித்து, அந்தப் படம் கார்க்கிலும் திரையிடப்படுகிறது என்று ஃபின்பார் சொன்னான். விபேக்கே துள்ளிக் குதித்தாள்.

“அம்மாவைக் கூட்டிட்டுப் போ! நேர்ல பாக்கலைன்னா என்ன, படத்துல என்னைப் பாக்கட்டும். முகம் தெரியாதவங்கற பேச்சே இருக்காது.”

“நீ என்ன பண்றே அதுல?”

“கடல்ல குளிச்சிட்டு வர்றேன். ஒரு வார்த்தை பேசறேன்.”

துணியில்லாமல் என்று அவள் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. ஆளில்லாத எங்கள் கரையில் குளித்தேன் என்றால் அதைத் தனியாகச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. சமைத்தேன் என்பவள் தீ மூட்டினேன் என்று சொல்வாளா?

ஃபின்பார் அம்மாவையும் அத்தையையும் தங்கை நோரீனையும் நல்ல உடுப்பில் அழைத்துக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு தொலைபேசி வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடித்தது.

“அம்மாவுக்கு உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு!”

“நிஜமாவா? என்ன சொன்னாங்க?”

“அடக்கமான பொண்ணுன்னாங்க. தலையில துணி கட்டிக்கிட்டு, சைக்கிள்ல, அதுவும் பூசைக்குப் போறான்னு அத்தைக்கு ஒரே சந்தோஷம்.”

“சைக்கிளா? அது லோனெ. நான் இல்ல.”

அவன் ஒரு கணம் தடுமாறினான். “நீ வரவே இல்லையே. படம் முடியப் போகுது, மூணு பேரும் ‘எவடா? எவடா?’ன்னு என் தோளைப் பிடிச்சு ஆட்டறாங்க. தூரத்துல ஒருத்தி போனா. கையைக் காட்டிட்டேன்.”

“நான் வராம எப்படி? மணல்மேட்டுல ஏறி வர்றேனே, ஒட்டுத் துணியில்லாம! அதைக்கூடவா கவனிக்கல?”

தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்தாள்.

“துணியில்லாமயா,” என்றான் கடைசியில், பக்கத்தில் யாரோ நிற்பதுபோல ரகசியமாக. “அதான் வெட்டியிருக்காங்க.”

“எதுக்கு வெட்டணும்?”

“இங்க வெட்டுவாங்க.”

“அதான் எதுக்குன்னு கேக்கறேன்.”

“விபேக்கே, இதைக் கேளு. அம்மா அந்தச் சைக்கிள்காரிதான் நீன்னு நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். நீ இங்க வந்து, பழகி, எல்லாம் ஆன பிறகு மெல்லச் சொல்லிக்கலாம்.”

“என்னத்தைச் சொல்றது? நான் என்ன தப்புப் பண்ணேன்?”

“தப்புன்னு நான் சொல்லலையே…”

“சைக்கிள்ல போனவ நான் இல்ல, ஃபின்பார். உங்கம்மாவுக்கு அவளைத்தான் பிடிச்சிருக்குன்னா அவளையே கட்டிக்கோ. மளிகைக் கடையிலதான் இருக்கா, வந்து கேளு!”

வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். இவள் கூப்பிடலாமென்றால் தபால் நிலையத்துக் கூண்டுக்கு யார் எண் கொடுப்பார்கள்? கோபம் தீர்ந்தபோது கூப்பிட இடமில்லை.

பிறகு அவள் வாழ்க்கை எங்கள் ஊரில் எல்லோருக்கும் போலத்தான் போயிற்று. பள்ளி ஆசிரியர் பிரெபெனோடு கொஞ்ச வருஷம் சேர்ந்திருந்தாள். ஒரு மகன் பிறந்தான். சண்டை இல்லாமலே பிரிந்தார்கள். இன்றும் அவர் பிறந்தநாளுக்கு இவள்தான் கேக் செய்து கொண்டுபோகிறாள். அரங்கு மூடிக் கிடந்த காலத்தில் மீன் தொழிற்சாலையில் ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தினாள். அரங்கை ஊர் மீண்டும் திறந்தபோது யாரும் கேட்காமலே ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“அவன் கட்டிக்கலைங்கறது எப்பவோ ஆறிப்போச்சு,” என்று ஒருமுறை சொன்னாள். “ஆனா இருபது வயசுல நான் எப்படி இருந்தேனோ அப்படியே அதுல இருக்கேன். ஊரே பாத்துச்சு. அவன் ஒருத்தன் பாக்கல. ஒரே ஒரு தடவை அவன் பாக்கணும். அதுதான் இன்னும் ஆறல.”

போன இலையுதிர் காலத்தில், அந்தப் பழைய படத்தைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடுவதாகச் செய்தி வந்தது. இரண்டு நாள் எங்கள் அரங்கில் போடுவதென்று முடிவாயிற்று. பதினொரு வயது நிரம்பியவர்கள் பார்க்கலாம் என்று போட்டிருந்தார்கள், அதுவும் மூழ்கும் படகுக்காகத்தான். நான் இணையத்தில் தேடி, நோரீனின் மகன் கார்க்கில் நடத்தும் பாலாடைக்கட்டிக் கடையின் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். விபேக்கேவுக்குக் காது மந்தம். ஒலியைப் பெரிதாக வைத்துத்தான் பேசுவாள். அதனால் எனக்கும் கேட்டது. எடுத்தது நோரீன்.

“டென்மார்க்கா? அட, நீ அந்தச் சைக்கிள்காரியா!”

“இல்ல. அவ வேற.”

“வேறயா? அம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்களே, அந்தச் சைக்கிள்காரி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு! இரு இரு, அண்ணன் இங்கதான் இருக்கான். அண்ணி போன பிறகு தினமும் கடையில வந்து உக்காந்துக்கிட்டு வர்றவங்களுக்கெல்லாம் வெண்ணெயைப் பத்திப் பாடம் நடத்தறான்.”

ஃபின்பாரின் குரல் கரகரத்தது. நலம் விசாரிக்கவில்லை. “நான் உன்னைப் பாத்தேன்,” என்றான் எடுத்த எடுப்பில்.

“எங்கே?”

“லண்டன்ல. மறு வருஷம் வேலைக்குப் போயிருந்தேன். அங்க வெட்டாம ஓடிச்சு. பெரியவங்களுக்கு மட்டும்னு பலகை. படிக்கட்டுல கீழே இறங்கிப் போகணும், நிலவறை மாதிரி. மழைக்கோட்டு மாட்டின ஆம்பளைங்களா தள்ளித் தள்ளி உக்காந்திருந்தானுங்க. நீ தண்ணியிலேருந்து தலையைத் தூக்கினே. பின்னாலேருந்து ஒருத்தன் விசிலடிச்சான். எழுந்து வந்துட்டேன்.”

“அவன் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கலாமே.”

“நானும் அதே மாதிரிக் கோட்டுதான் போட்டிருந்தேன், விபேக்கே.”

அவள் காட்சி அட்டவணையைக் கையில் எடுத்தாள். பிறகு, “சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இங்க ஓடுது. இங்க வந்து பாரு,” என்றாள்.

வந்தான். எழுபதைத் தாண்டிய, இடுப்பில் கை ஊன்றி நடக்கிற உயரமான மனிதர். இருந்தாலும் அவள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அவன் பையனாகவே தெரிந்தான். இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள், கட்டிக்கொள்ளவில்லை. சனிக்கிழமைக் காட்சிக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சுற்றிலும் குடும்பங்கள், பிள்ளைகள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். திரையில் கடல் வந்தது. அவன் தலை தானாகக் குனிந்தது. காட்சி முடிகிற வரைக்கும் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். விபேக்கே அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கடல் ரொம்ப அழகா எடுத்திருக்காங்க,” என்றான் வெளியே வந்து.

“ஆமா,” என்றாள்.

அவன் விடுதிக்குப் போன பிறகு காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, “அவன் பாக்கல,” என்றாள் என்னிடம்.

“சொல்லுங்களேன் அவர்கிட்ட.”

“சொல்லிப் பாக்க வைக்கறதுக்கா இவ்வளவு வருஷம்?”

ஞாயிற்றுக்கிழமை அவள் ஜன்னலில் இருந்தாள். கூட்டமெல்லாம் உள்ளே போன பிறகு ஃபின்பார் தனியாக வந்தான். கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றான்.

“ஒரு டிக்கெட் குடு. இன்னைக்கு நான் மட்டும் போறேன். நீ பக்கத்துல இருந்தா எனக்கு வெக்கமா இருக்கு.”

அவள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் உள்ளே போனதும் கதவை நான் முழுதாகச் சாத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அலைச் சத்தமும், பிறகு ஒரு இளம் பெண்ணின் குரலும் வந்தன. தண்ணி நல்லாத்தான் இருக்கு என்றது அந்தக் குரல். சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்த விபேக்கேவின் கை நின்றது.

கதவு திறந்தது. ஃபின்பார் வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்தில் நின்றான்.

“ஏன் வந்துட்டே? படகு இன்னும் கவுழலையே.”

“நீ வர்ற இடம் முடிஞ்சிருச்சு.”

“பாத்தியா?”

“பாத்தேன்.” ஜன்னலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “முன் வரிசையில ரெண்டு பசங்க மிட்டாய்க்கு அடிச்சுக்கிட்டிருந்தாங்க. நீ வந்தே. நிமிந்து ஒரு பார்வை பாத்தாங்க. திரும்பவும் மிட்டாய்க்கு அடிச்சுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவ்வளவுதான். ஒண்ணுமே இல்லையே, விபேக்கே. ஒரு பொண்ணு குளிச்சிட்டு வர்றா. எங்கம்மாவே பாத்திருக்கலாம். பாத்திருந்தா, ‘பாவம், மெலிஞ்சு கிடக்கா, இங்க வந்து நம்ம வெண்ணெயைத் தின்னா தேறிடுவா’ன்னு சொல்லியிருப்பாங்க.”

“நான் மெலிஞ்சா இருந்தேன்?”

“எலும்பும் தோலுமா.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறென்னவோ ஆயிற்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“இதை அன்னைக்கே போன்ல சொல்லியிருக்கலாமில்ல,” என்றாள்.

“அன்னைக்கு நான் பாக்கலையே,” என்றான் ஃபின்பார்.