குடல்வால் என்று சொன்ன ஆபரேஷன்

டாக்டர் அறுப்பார், நர்ஸ் கட்டுப்போடுவார், ஆள் வீட்டுக்குப் போனபின் நடந்ததற்கெல்லாம் நோய்க்கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எண் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. சிவகாசிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கம்ப்யூட்டர் வந்த புதிதில், ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்தவள் நான். என்னைப் போலக் கேஸ் ஷீட்டோடு மாரடித்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எதற்குப் பின்னால்?

கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கினால் அதற்கு ஒரு எண். அதனால் பிறகு ரத்தப்போக்கோ காய்ச்சலோ வந்தால் இன்னொரு எண். எங்கள் டாக்டரம்மாவோ 'ரத்தப்போக்கு' என்று மட்டும் கிறுக்கிவிட்டுப் போய்விடுவார். எதற்குப் பின்னால் வந்தது என்று தெரியாமல் நான் எந்த எண்ணைப் போட? ஷீட்டைத் தூக்கிக்கொண்டு பிரசவ வார்டுவரை ஓடுவேன். ஒருநாள் கையுறையைக்கூடக் கழற்றாமல் என்னை முறைத்தார். "ரத்தம் நிக்கிதான்னு நான் பாக்கேன். எதுக்குப் பின்னால வந்துச்சுன்னு நீங்க பாருங்க. ஆளுக்கொரு வேலை!"

ஊருக்கு ஒரு பெயர்

அச்சங்குளத்துச் செல்வி பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்து, அந்தப் பக்கத்துக் குழாயையே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகிற அன்று அவள் மாமியார் என் ஜன்னலுக்கு வந்து, குடல்வால் ஆபரேஷன் என்று எழுதித் தரச் சொன்னார். தழும்பு என்னவோ வயிற்றில்தானே என்று நியாயம் வேறு.

முடியாது என்றேன். ஒருமுறை இப்படி ஆனால் மறுமுறையும் ஆகலாம், இனி வயிறு வலித்தால் எந்த டாக்டரிடமும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று செல்வியையும் கூப்பிட்டுவைத்துச் சொன்னேன். அவள் மாமியார் முகத்தைப் பார்த்தாள். மாமியார் கெட்டவர் இல்லை. மருமகளை ஊர் மலடி என்றுவிடுமே என்ற பயம்தான். "பேப்பருல நீ என்னத்தையும் எழுதிக்க தாயி. ஊருல நாங்க குடல்வாலுன்னுதான் சொல்லுவோம்."

சாத்தூர் போய் வந்த வலி

அடுத்த தீபாவளி சீசனில் செல்விக்கு வயிற்று வலி வந்திருக்கிறது. லோடு போகட்டும் என்று பொறுத்திருக்கிறாள். முடியாமல் சாத்தூரில் ஒரு டாக்டரிடம் போனபோது, அவர் தழும்பைப் பார்த்து என்ன ஆபரேஷன் என்று கேட்டிருக்கிறார். ஊருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். குடல்வால் என்று மாமியார் சொல்ல, செல்வியும் தலையாட்டியிருக்கிறாள். வாயுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

எங்களிடம் வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தபோது நாடி பிடிபடவில்லை. நகக்கண்ணெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி. டாக்டரம்மா உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த குழாயிலும் கரு தங்கி வெடித்திருந்ததால் அதுவும் போயிற்று. இந்தமுறை ஷீட்டில் எதற்குப் பின்னால் எது வந்தது என்று தெளிவாகவே எழுதியிருந்தார். நான் எங்கும் ஓட வேண்டியிருக்கவில்லை. இனி அந்தப் பெண் வயிற்றில் கரு தானாகத் தங்க வழியில்லையே என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அப்போது மாமியார் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இனி நெசத்தையே சொல்லிருதோம் தாயி. யாருகிட்டச் சொல்லணும்னு மட்டும் சொல்லு."

குழாய்க்கு, ரத்தத்துக்கு, மயக்கத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் எண் வைத்திருக்கிற எங்கள் புத்தகத்தில், ஊர் வாய்க்குப் பயந்ததால் வந்த கேட்டுக்கு மட்டும் ஒரு எண்ணையும் காணோம்.