குதிரை ரத்த ஊசி

ஓங்கரிப்பு வயிற்றிலிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன். காது வழியாகவும் வரும் என்பது அண்ணன் வீட்டுத் தொழுவத்தில் நின்றபோதுதான் தெரிந்தது.

கையில் நெட் உள்ள போன் வந்த புதுசு. எதையாவது தேடி வாசிப்பதும், வாசித்ததை வழியில் போகிறவரை நிறுத்திச் சொல்வதும்தான் எனக்கு வேலை. "தம்பி, உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்பாள் மைனி, அண்ணன் மனைவி.

பிள்ளை இல்லாத வீடு. மைனிக்கு எல்லாம் அந்தச் சிவப்பு ஜெர்சிப் பசுதான். ஒரு கன்று போட்டதோடு சரி, அதற்குப் பிறகு அது காளைக்குக் கத்தவே இல்லை. கேரளாவுக்கு அடிமாடு ஏற்றுகிற ஆளிடம் அண்ணன் பேசி முடித்துவிட்டான். "ஒருக்கா டாக்டரக் காட்டிப் பாத்துருவோம்" என்று மைனி மன்றாடி வாங்கிய தவணைதான் அன்றைக்கு.

டாக்டர் குழித்துறைப் பக்கத்துப் பெண். பேச்சு பாட்டு மாதிரி இழுக்கும். தோள்வரை உறை மாட்டிக் கைவிட்டுப் பார்த்தாள். "கர்ப்பப்பை கொள்ளாம், ஒரு கோளாறும் இல்ல. முட்டைதான் விளையல்ல. ஒரு ஹார்மோன் ஊசி போட்டுப் பாக்கலாம்."

"எதுலேருந்து எடுக்கது?" நான் சும்மா இருப்பேனா?

"சினையா நிக்க குதிரைக்க ரத்தத்திலேருந்து."

அண்ணன் இரண்டடி பின்னால் போனான். டாக்டர் விளக்கினாள், மிச்சத்தைப் பிறகு நானே தேடி வாசித்தேன். குதிரையும் மாடும் ஆடும் ஏதோ ஒரு பழைய மூதாதையில் போய் முடிகிறவைதான். ஆனால் பிரிந்துபோன வழியில் குதிரை ஒரு வித்தை பழகியிருக்கிறது. மூளைக்கடியில் சுரக்கிற ஹார்மோனின் ஜீனையே சினைக்காலத்தில் கர்ப்பப்பைப் பக்கமும் வேலை செய்ய வைக்கிறது. மாட்டுக்கு அது கிடையாது. குதிரைக்குள் ஒரு வேலை பார்க்கிற அந்தச் சரக்கு, பசுவுக்குள் போனால் இரண்டு வேலை பார்க்கும்: முட்டையை விளையவும் வைக்கும், வெடிக்கவும் வைக்கும். மனுசிக்கும் இந்த வித்தை உண்டு. அவள் உடம்பு பழைய ஜீனைப் பிரதியெடுத்து இதற்கென்றே தனியாக வைத்திருக்கிறது.

"அப்ப பிள்ளைக்குன்னு திருவனந்தபுரத்துல எனக்குப் போட்ட ஊசி?" என்றாள் மைனி.

"அது கர்ப்பிணிகளுக்க மூத்திரத்திலேருந்து எடுத்ததாயிருக்கும், அக்கா."

அண்ணன் காறித் துப்பினான். "சவம், குடலப் புரட்டுது."

"ஓகோ! கூட்டிட்டுப் போய்க் குத்த வச்சது யாராம்?" மைனி சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் டாக்டரைப் பார்த்தாள். "அந்தப் பொம்பளையள் பிள்ளை பெத்திருப்பாளுவல்லா?"

"பின்னே? மூத்திரம் குடுத்தா பிள்ளைக்கு என்ன?"

"குதிரை?"

டாக்டர் கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். "வெளிநாட்டுப் பண்ணையள்ல வாராவாரம் ரத்தம் இழுப்பாங்க. ரத்தத்துல அந்தச் சத்து குறைஞ்சதும் கருவக் கலைச்சுப் போடுவாங்க. திரும்பச் சினையாக்கி, திரும்ப எடுக்கணும்லா."

காலையில் தின்ற தோசை எனக்குத் தொண்டைவரை புளித்து ஏறியது. எத்தனை குட்டிகளோ, கண் திறக்காமலே சாக்கடையில்.

"அந்த ரத்தம் பாலுல வருமா?" என்றான் அண்ணன். அவன் கவலை அது.

"எனக்கு அந்த ஊசி வேண்டாம், டாக்டரே" என்றாள் மைனி.

"தாது உப்பு குடுத்துப் பாக்கலாம். ஆனா உறுதி சொல்ல ஒக்காது."

அண்ணன் பாய்ந்தான். "உறுதியில்லாத்ததுக்கு நான் எதுக்குப் புல்லு போடணும்? நாளைக்கே வண்டிய வரச் சொல்லுதேன்."

"சொல்லுங்க" என்றாள் மைனி. "டிரைவருக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு சீட்டு சொல்லிருங்க."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு நழுவினாள். வண்டி வரவில்லை.

பசு கடைசிவரை சினை பிடிக்கவில்லை. மைனி கையால் தின்று, வயசாகி, அந்தத் தொழுவத்திலேயே செத்தது. அதற்காக எனக்கு அந்த ஓங்கரிப்பு அடங்கிவிடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவான்: "அந்த டாக்டர் குதிரை ரத்தம்னு கொண்டு வந்தா. நம்ம தொழுவத்துல அத ஏத்த விடுவனா? சைவம்லா நாம!"

அடிமாட்டு வண்டி பேசிய அதே வாய். மைனி காப்பி டம்ளரை நீட்டுவாள். அந்த வாய் ஆடி முடியும்வரை எனக்கு எச்சில்கூட இறங்காது.