பக்கத்து சீட்டில் ஒரு கைப்பை

1. நேரா கேட்டா என்ன?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே துன்பியல் நாடகம் என்ற பாடத் தாளை என் தலையில் கட்டிவிட்டார்கள். யாரும் எடுக்க விரும்பாத தாள் அது. ஆவடியைத் தாண்டி இருந்த அந்த மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் வேறு எதுவும் கிடைக்காமல் வந்தவர்கள். அவர்கள் முன்னால் போய் நின்று பொறாமை, வஞ்சகம், பழி என்று பேச வேண்டும். நாடகத்தின் பெயர் எதுவானாலும் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான். ஒருத்தன் நன்றாக இருப்பான். இன்னொருத்தனுக்கு வயிறு எரியும். நன்றாக இருப்பவன் காதில், பெரும்பாலும் அவன் பொண்டாட்டியைப் பற்றியே, பாதி உண்மையும் பாதிப் பொய்யுமாக ஓதுவான். இவனும் அதை நம்பித் தன் வீட்டைத் தானே கொளுத்திக்கொள்வான். ஐந்தாவது அங்கத்தில் உண்மை வெளியே வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அன்றைக்கு முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண் கடைசி பெஞ்சில் எழுந்து நின்றாள்.

"மிஸ், அந்த ஆளு இன்னா லூசா? ஊட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்டயே நேரா ஒரு வார்த்தை கேட்டா மேட்டர் ஓவர்ல?"

"கேட்டுட்டா அஞ்சாவது அங்கம் கிடையாதும்மா. எனக்கும் வேலை கிடையாது" என்றேன். வகுப்பே சிரித்தது.

அப்புறம் வருஷா வருஷம் யாராவது ஒருத்தி இதே கேள்வியைக் கேட்பாள். நானும் இதே பதிலைச் சொல்லிக் கைதட்டு வாங்குவேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

2. சீட் பிடிப்பது

எங்கள் காலேஜ் பஸ் பாடியில் கிளம்பும். அங்கேதான் வசந்தா ஏறுவாள். அவளும் என் துறைதான். வயதில் என்னைவிடச் சின்னவள், சர்வீஸில் ஒரு வருஷம் சீனியர். ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்துவிடுவாள். கொரட்டூரில் நான் ஏறினால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். பை வைத்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். எங்கள் பஸ்ஸில் அது எழுதாத சட்டம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு டிவிதான். ஒரு நாளில் நான் மனசுவிட்டுப் பேசுவதெல்லாம் அந்த பஸ்ஸில்தான். வசந்தாவின் மகள் நித்யா தவழ்ந்தது, பல் முளைத்தது, ஸ்கூலில் அடி வாங்கியது எல்லாம் எனக்கு அந்த சீட்டில் வந்து சேர்ந்த செய்திகள். சனிக்கிழமைகளில் அந்தக் குழந்தைக்கு ஸ்பெல்லிங் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

கல்பனா என்று இன்னொரு ஆசிரியை எங்கள் துறையில் இருந்தாள். அவள் அம்பத்தூரில் ஏறுவாள். அதற்குள் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட்தான் அவளுக்கு மிஞ்சும். கீழேயிருந்து சூடு ஏறும். "உங்க ரெண்டு பேருக்கும் தெனம் அப்படி என்னதான் இருக்கு பேச?" என்று திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கவனித்திருக்க வேண்டிய ஆள் நான். அதுதானே என் பாடம்!

3. பிரின்சிபல் ரூம்

எங்கள் துறைத் தலைவர், அதாவது எச்.ஓ.டி., ஓய்வு பெற்ற நேரத்தில் வசந்தா நீண்ட லீவில் இருந்தாள். அவள் கணவருக்கு இதய ஆபரேஷன். நாற்காலி எனக்கு என்று பேச்சு அடிபட்டதும் நான் பிரின்சிபலிடம் போனேன்.

"சார், வசந்தாதான் சீனியர். அவங்க வர்ற வரைக்கும் பொறுங்க."

"லீவ்ல இருக்கறவங்கள எப்படிம்மா போடறது? இன்ஸ்பெக்ஷன் வருது. நீங்க எடுக்கலேன்னா வெளியிலேருந்து ஆளைக் கொண்டுவருவேன்."

அவருடைய சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை போட்டுப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. வெளியாள் வந்து வசந்தாவுக்குக் கடைசி வரை வழியே இல்லாமல் போவதைவிட நான் எடுத்துக்கொண்டு பிறகு மாற்றித் தரலாம் என்று ஒப்புக்கொண்டேன். வெளியே வந்தால் வராந்தாவில் கல்பனா நின்றாள்.

"என்ன மேடம், இவ்ளோ நேரம்?"

"எச்.ஓ.டி. விஷயமா" என்றேன். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அல்லாடுகிறவளிடம் போய் இதைச் சொல்வதா, பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். கல்பனா ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொல்லிவிட்டாள் என்பது பிற்பாடு ஸ்டாஃப் ரூம் பேச்சில்தான் எனக்குத் தெரிந்தது. "ரேவதி மேடமே பிரின்சிபல் ரூம்ல உக்காந்து கேட்டு வாங்கிட்டாங்க. நான் என் கண்ணால பார்த்தேன்." ரூமில் உட்கார்ந்தது உண்மைதான். மீதியை அவள் சேர்த்துக்கொண்டாள்.

வசந்தா திரும்பி வந்த அன்று கொரட்டூரில் ஏறினேன். பக்கத்து சீட்டில் பை இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"வசந்தா, பையை எடு."

"ஆள் வராங்க" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

அம்பத்தூரில் கல்பனா ஏறினாள். பை மடிக்குப் போனது. நான் இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எச்.ஓ.டி.யாக நானும் பதிலுக்கு ஆடியிருக்கலாம். டைம்டேபிளில் கடைசி பீரியடாகப் பார்த்துப் போட்டு அவளை வதைத்திருக்கலாம். செய்யவில்லை. நான் பெரிய மகாத்மா என்பதால் இல்லை. அப்படிச் செய்தால் கல்பனா சொன்னது உண்மையாகிவிடுமே.

4. பத்திரிகை

வசந்தா பழி தீர்த்தது ஒரே ஒரு முறைதான். நித்யாவின் கல்யாணப் பத்திரிகையை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவந்தாள். தட்டு, குங்குமம், பூ, எல்லாம் முறையாக. மேசை மேசையாக நின்று, குங்குமம் கொடுத்து, "அவசியம் வரணும்" என்றாள். எனக்கு முன் மேசைக்கு வைத்தாள். என்னைத் தாண்டினாள். பின் மேசைக்கு வைத்தாள். நான் விடைத்தாள் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டேன். பாழாய்ப்போன கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டஸ்ட் அலர்ஜி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ரிசப்ஷனுக்கு எல்லோரும் காலேஜ் பஸ்ஸிலேயே போனார்கள். நான் வீட்டில் தயிர்சாதம் பிசைந்துவைத்து, சாப்பிட முடியாமல் மூடிவைத்தேன். என் பிள்ளை மாதிரி வளர்ந்தவள் மணமேடையில் எப்படி இருந்தாள் என்று இன்றுவரை நான் பார்க்கவில்லை.

ஏன் என்று போய்க் கேட்டிருக்கலாம்தான், நாற்காலியையும் மாற்றித் தந்திருக்கலாம்தான். ஆனால் வெட்டிக்கொண்டவள் அவள், அவளே வந்து கேட்கட்டும் என்று ரோஷம். சில வருஷத்தில் கல்பனா கணவரோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வசந்தா பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட் காலியாகவே வந்தது. நான் இன்ஜின் சூட்டுக்குப் பழகிவிட்டிருந்தேன்.

5. அஞ்சாவது அங்கம்

என் பிரிவு உபசார விழாவுக்கு, முன்னமே ஓய்வு பெற்றுவிட்ட அந்தப் பழைய பிரின்சிபலையும் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கைப் பிடித்தவர் குஷியாகிவிட்டார்.

"இந்தம்மாவுக்கு நான் எச்.ஓ.டி. குடுத்தப்போ வேணாம்னு சண்டை போட்டாங்க. வசந்தா மேடத்துக்குத்தான் குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. அன்னிக்கு என்னைச் சாப்பிடவே விடல!"

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா கையில் மிக்சர் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். விழா முடிந்தும் அவளைக் காணவில்லை. நான் சால்வையும் மாலையுமாக ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போனவள், பழக்கத்தில் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டேன். பஸ் வந்து நின்றது. டிரைவர் தேவா எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், ரிட்டயர்டு ஆயிட்டும் இங்கயே நின்னுகினு கீறீங்க? ஏறுங்க, அம்பத்தூர்ல எறக்கி உட்றேன்."

ஜன்னலில் வசந்தா. அவள் பக்கத்து சீட்டில் பை.

பால் பாக்கெட்டோடு, கசங்கிய வீட்டுப் புடவையோடு ஏறினேன். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன். அம்பத்தூர் எஸ்டேட் தாண்டியதும் நானே கேட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா வசந்தா?"

"தெனம் கேக்கணும்னுதான் பஸ் ஏறுவேன்" என்றாள். "கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா? அப்போ அவர் ஆபரேஷன் ஆகிக் கெடக்கறாரு. நீயும் இல்லேன்னு ஆயிட்டா நான் எங்க போவேன் ரேவதி?"

அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் கேட்டதற்குப் பதில் இதுதான். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை. இந்தத் தாளை இனி எடுக்கப்போகும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கேள்வி உங்கள் வகுப்பிலும் வரும். என்னைப்போல ஜோக்கடித்து உட்கார வைக்காதீர்கள். பயந்துபோய்த்தான் அவன் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். "ஆமான்னு பதில் வந்தாலும் பரவாயில்ல, நீங்க போய்க் கேட்டுடுங்கம்மா" என்றும் சொல்லுங்கள்.

அம்பத்தூரில் இறங்கினேன். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். வசந்தா பையை மறுபடியும் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.